குழி எங்கேப்பா?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மதுரைக்குப் போனபோது, ஏழாவது படிக்கும் மகள் பிடிவாதம் பிடித்ததால் கீழடிக்கும் போனோம். அருங்காட்சியகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பார்க்க ஆசைப்பட்டது தோண்டிய குழியை. பெரும்பாலான குழிகளை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். "அவ்ளோ கஷ்டப்பட்டுத் தோண்டிட்டு எதுக்குப்பா மூடுறாங்க?" என்று ரயிலில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் அதே கேள்விதான். நாலு பேர் வந்து பார்த்தால்தானே வருமானம், வருமானம் வந்தால்தானே பராமரிப்பு? இன்னொன்று, எங்கள் வடசென்னையில் இப்படிப் பார்க்க எதுவுமே இல்லையா? வெளியூர்க்காரர்கள் மெரினாவோடு திரும்பிவிடுகிறார்களே.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கரித்துண்டு கிடைத்தது. அதைப் பரிசோதித்து கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். இஸ்திரிப் பெட்டியில் போடுகிறோமே, பார்வைக்கு அதே கரிதான். அது எந்த ஆழத்தில் கிடந்தது, எந்த மண்ணடுக்கில், பக்கத்தில் என்ன பானையோடு என்பதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு மதிப்பு. யாராவது அதை ஆசையாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், வெறும் கரி. தொல்லியலில் பொருளைவிட இடம் பெரிது.

குழியைத் திறந்தே போட்டால் இரண்டு மழைக்காலத்தில் அதன் சுவர் சரிந்துவிடும். செங்கல் வெயிலில் உதிரும். சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றுக்குள் செடி முளைத்து வேர் பிளக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் காப்பாற்றியது மண்தான், அதனால் அதனிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். சிலவற்றைக் கூரை போட்டுத் திறந்தவெளியில் காட்டலாம், கீழடியில் அதற்கான வேலையும் நடக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அப்படிக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. நாளைக்கு வருகிறவர்கள் நம்மைவிட நல்ல கருவியோடு வருவார்கள். அவர்களுக்கும் தோண்டாத மண் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

வருமானம் வந்தால் பராமரிப்பு என்கிறீர்கள். பாதி சரி. பிரான்ஸில் லாஸ்கோ என்ற குகையை 1940-இல் கண்டுபிடித்தார்கள், உள்ளே ஆதிமனிதர் வரைந்த காளைகளும் குதிரைகளும். 1948-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் அள்ளியது. வந்தவர்கள் எதையும் தொடவில்லை, கிறுக்கவில்லை. வெறுமனே மூச்சுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் பட்டுச் சுவரில் பாசி பிடித்தது. 1963-இல் பூட்டியதுதான். இருபது வருஷம் கழித்து, அச்சு அசலாக ஒரு நகல் குகையைக் கட்டி அதைக் காட்டத் தொடங்கினார்கள்.

நம் பக்கம் கதை தலைகீழ். மூச்சுவிடக்கூட ஆள் வருவதில்லை.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. மாடிப் பூங்கா எங்களுக்கு 'மேட்டுல இருக்குற பார்க்.' படியேறிப் போனால் காற்று வரும், பரீட்சை சமயத்தில் புத்தகத்தோடு உட்காரலாம். அது ஒரு மதில்சுவரின் மிச்சம் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு, அதற்குப் பத்து வருஷத்துக்குள் ஹைதர் அலியின் படையும் வந்து மிரட்டிவிட்டுப் போனபிறகு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கறுப்பர் நகரத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த ஊரை, சுற்றி எழுப்பிய சுவர் அது. கட்டிய செலவுக்கு ஊர்க்காரர்களிடம் வரி வாங்கத் திட்டம் போட்டார்கள். அந்தச் சுவர் வரிதான் வால்டாக்ஸ் ரோடு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் தினமும் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ பேசுகிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

சரி, இங்கே சுற்றுலாப் பேருந்துகள் வந்தால் என்ன ஆகும்? வேலி வரும், டிக்கெட் வரும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைக் கல்லைச் சும்மா போய்த் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தோம், 2019-இல் இருந்து அதற்கும் நாற்பது ரூபாய். தப்பென்று சொல்ல மாட்டேன், காவலுக்கு ஆள் வேண்டும். ஆனால் மாடிப் பூங்காவில் அந்த நாற்பது ரூபாய் யாரை முதலில் வெளியே நிறுத்தும்? புத்தகத்தோடு வருகிற பையனைத்தான். அதனால் எனக்கு வெளியூர்க்காரரைவிட உங்கள் மகள் அங்கே போவதுதான் முக்கியம். கல்லை எவனாவது பெயர்த்தால் சத்தம் போடப்போவது பக்கத்துத் தெருக்காரர்தான்.

திருவொற்றியூர் கோயிலுக்கு நீங்கள் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை சாமி கும்பிட்டபிறகு கருவறையைச் சுற்றி நிதானமாக நடந்து பாருங்கள். பின்பக்கம் சதுரமாக முடியாமல் யானையின் முதுகுபோல வளைந்து போகும். தூங்கானை மாடம் என்பார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கருங்கல்லில் எடுத்தவர் இரவி என்ற வீரசோழத் தச்சன். தச்சனின் பெயரைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள், அது எல்லாக் கோயிலுக்கும் வாய்ப்பதில்லை. இன்னொரு கல்வெட்டு வல்லபன் என்ற கேரளத்துக்காரரைப் பற்றியது. சோழ இளவரசன் ராஜாதித்தனின் உயிர்த்தோழர். 949-இல் தக்கோலப் போரில் இளவரசன் செத்தபோது இவர் பக்கத்தில் இல்லை. அந்த உறுத்தலில் கங்கையில் மூழ்கித் துறவியாகி, ஒற்றியூரில் வந்து சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு தங்கிவிட்டார். படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த எழுத்துகளின்மேல் சாய்ந்துகொண்டுதான் நாம் பிரசாதம் சாப்பிடுகிறோம், நானும்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் எண்ணூர். கொசஸ்தலையாறு அங்கேதான் கடலில் விழுகிறது. முகத்துவாரத்தில் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிதான் கண்ணில் படும், அது இருக்கட்டும். அதே ஆற்றுப் படுகையில் மேற்கே போனால் பூண்டி ஏரி, அதற்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் அங்கே கற்கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் பல வருஷம் தோண்டி, அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011-இல் எழுதினார்கள். அதற்கு மேலடுக்கில் கிடைத்த கருவிகளுக்கு 3,85,000 வருஷம் என்று 2018-இல் வந்தது. அந்த இரண்டாவது கணக்கை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? ஒரு மணல்துகள் கடைசியாக எப்போது வெளிச்சத்தைப் பார்த்தது என்பதை வைத்து. குழாயைச் சுவரில் அடித்து, வெயில் படாமல் மணலை எடுத்துப் போய் இருட்டறையில் அளப்பார்கள். வெளிச்சம் பட்டால் அந்தத் துகளின் கணக்கு அழிந்துவிடும். குழியை ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு இதையும் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

பூண்டியில் கற்காலக் கருவிகளுக்கென்றே ஓர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்க வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாடிப் பூங்கா வாசலில் நிற்கிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடையைப் பத்து மணிக்குள் திறந்துவிடலாம். மழை பெய்தால் அடுத்த வாரம்.