சோழவந்தான் தோப்பில் ஒரு தேக்கு லாஞ்ச்: கேள்வி பதில்

கடல் வாடையே எட்டாத சோழவந்தானில், தென்னந்தோப்புக் கொட்டகைக்குள், 34 அடி நீள மர மோட்டார் லாஞ்ச் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன் முப்பது ஆண்டுகள் துறைமுகங்களில் டீசல் எஞ்சின் வேலை. படகின் படத்தைப் போட்டுக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

மொத்தம் எவ்வளவு செலவு, ஐயா? (பதினோரு பேர்)

கணக்கு நோட்டை மூன்றாம் ஆண்டிலேயே என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். படகு வாங்கிய விலை இதுவரையான செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பழைய மரப்படகை வாங்கப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (மேலூர்)

எல்லோரும் குனிந்து அடிப்பலகையைப் பார்க்கிறார்கள். நீங்கள் நிமிர்ந்து மேல்தளத்தைப் பாருங்கள். உப்புநீர் மரத்தை அவ்வளவு எளிதில் உளுக்க விடாது. மழைநீர்தான் உளுக்க வைக்கும். தளத்துக்கும் பக்கப்பலகைக்கும் நடுவிலுள்ள மூலை, படகின் பின்முனையான அமரத்தின் இரு ஓரங்கள், ஜன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டை, முன்முனையான அணியத்தில் நங்கூரச் சங்கிலி கிடக்கும் இருட்டறை: மழைநீர் சொட்டித் தேங்குகிற, காற்றுப் புகாத இடங்கள் இவைதான். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டங்’ என்று பதில் சொல்லும். உளுத்தது தலையணையைத் தட்டியதுபோல் ‘தொப்’ என்னும். அந்த இடத்தில் கூரான ஊசியால் குத்துங்கள். என் படகின் வங்குக்கால் (பலகைகளைத் தாங்கும் விலாக்கட்டை) ஒன்றில் குத்தியபோது ஊசி கைப்பிடி வரை இறங்கியது. வெளியே எடுத்தால் நுனியில் காபித்தூள்போல் மரம் ஒட்டியிருந்தது. மேலே பெயிண்ட் மட்டும் புத்தம் புதிது. புதுப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் படகைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

மாசி வீதிக் கடையில் பித்தளைத் திருகாணி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருமங்கலம்)

அலமாரிக்கு வாங்குங்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிட்டுச் செம்பைக் கடற்பஞ்சுபோல் விட்டுவைக்கும். நான் கழற்றிய திருகாணிகளில் பாதி, தலை மஞ்சளாக, தண்டு இளஞ்சிவப்பாக இருந்தன. விரலால் அழுத்தியதும் பிஸ்கட்டாக ஒடிந்தன. சிலிக்கான் வெண்கலத் திருகாணி, இல்லையென்றால் செம்பு ஆணி. விலை வலிக்கும், வலிக்கட்டும்.

நம் ஊர் வெயிலில் மரம் வெடிக்காதா? (தேனி, திண்டுக்கல், வாடிப்பட்டி)

வெடிக்கும். லாரியில் வந்து இறங்கிய முதல் கோடையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், ‘நன்றாகக் காயட்டும்’ என்று விட்டதுதான். அகலவாட்டில் ஒவ்வொரு பலகையும் ஓரிரு மில்லிமீட்டர் சுருங்கியது. பக்கத்துக்குப் பதினான்கு பலகை வரிசை, கூட்டிப் பாருங்கள். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் இடுக்கு வழியே தோப்பில் மேயும் ஆடு தெரிந்தது. கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்குகளை மூட, அடைத்திருந்த பஞ்சு நாடா நாடாவாகத் தொங்கியது.

இப்போது பங்குனி பிறந்ததும் உட்புறம் நனைத்த சாக்குகளை விரித்துவிடுகிறேன். வெறும் தண்ணீர் வேண்டாம், கல்லுப்புக் கரைத்த தண்ணீர். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உளுக்கவைக்கும் பூஞ்சையையும் அண்டவிடாது. அந்தக் காலக் கப்பல்களில் வங்குகளின் இடைவெளியில் உப்பையே கொட்டி வைப்பார்கள். கொட்டகைக்குக் கூரை மட்டும் போதும். சுவர் எழுப்பிக் காற்றை அடைக்காதீர்கள்.

எஞ்சின் பற்றிச் சொல்லுங்கள். (பலர்)

கார்ட்னர் கம்பெனியின் 4எல்டபிள்யூ டீசல். மான்செஸ்டரில் 1931-இல் தொடங்கிய வரிசை. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 4¼ அங்குல விட்டம், 6 அங்குலப் பிஸ்டன் ஓட்டம், மொத்தம் 5.6 லிட்டர். பேட்டரி இல்லாமலும் கிளப்பலாம்: சிலிண்டர்களின் அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோல்களைத் தூக்கிவிட்டு, கைப்பிடியால் சுழற்றி, வேகம் பிடித்ததும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். நான்காவது முயற்சியில் பிடித்தது. பக்கத்து வயல்காரர் கிணற்று மோட்டார் என்று நினைத்து வாய்க்காலைத் திறக்க ஓடினார்.

மேலே ஒரு மாடி கட்டினால் குடும்பத்தோடு உட்காரலாமே? (மதுரை)

கட்டாதீர்கள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் படகு நிமிர்ந்து நிற்கும் வலுவைக் குறைக்கும். நான்கு பேர் யானையைப் பார்க்க ஒரே பக்கம் எழுந்தால் போதும். இதில் எனக்கு விளையாட்டுப் பேச்சு கிடையாது.

வைகை அணையில் ஓட்டலாமா? (ஒன்பது பேர்)

நினைத்தவுடன் இறக்க அது நம் வீட்டுக் கிணறு அல்ல. அனுமதி வேண்டும். உள்நாட்டு நீரில் எஞ்சின் வைத்த கலத்துக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆய்வும் பதிவும் உண்டு. உரிய அலுவலகத்தில் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

பலகைமேல் கண்ணாடியிழை பைபர் பூசிவிட்டால் ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடுமே அண்ணா? எங்கள் பக்கம் வள்ளமெல்லாம் அப்படித்தான். (மண்டபம்)

தம்பி, உங்கள் வள்ளம் பிளைவுட். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஈரம் பட்டாலும் பெரிதாக அசையாது. என் படகில் பலகைகள் தனித்தனி. ஒவ்வொன்றும் ஊதும், சுருங்கும். மேலே விறைப்பான ஓடு ஒன்றைப் போட்டால் கிழியும். கிழியாவிட்டால் இன்னும் மோசம்: உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றி மரத்தை ஊறவைத்தே கொல்லும். போதாததற்குத் தேக்கில் எண்ணெய்ப் பசை, பிசின் ஒட்டாது.

ஒட்டும். அசிட்டோனால் துடைத்த கையோடு எபாக்சிப் பிசின் போட்டால் ஒட்டும். என் கையால் செய்திருக்கிறேன். தாத்தா காலத்தில் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்களே, அதுவும் மூடல்தானே? (அதே தம்பி)

ஒட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குங்கிலியக் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி, இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் பூச்சு மெத்தென்றிருக்கும், பலகை அசைந்தால் கூடவே அசையும். தேயத் தேய மறுபடி பூசுவார்கள். அந்தச் சாக்கில் கரையேற்றிய படகை ஒரு கண் அடிமுதல் நுனிவரை பார்த்துவிடும். பைபருக்கு அடியில் யார் கண் போகும்?

அப்படியானால் உங்கள் படத்தில் கேபின் கூரை பளபளக்கிறதே, அது என்ன? (அதே தம்பி)

சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். பைபர்தான். ஆனால் அடியில் பிளைவுட்!

இதற்குப் பின் நாற்பது பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொண்டார்கள். ‘அடிக்கட்டையான ஏரா தவிர எல்லாவற்றையும் மாற்றினால் அது பழைய படகா?’ என்று ஒருவர் புதிதாகத் திரி கொளுத்தினார். 62 பலகையில் 23 மாற்றியிருக்கிறேன். தேருக்கு அச்சு மாற்றினால் வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை.

எப்போது தண்ணீரில் இறங்கும்? (எண்ணவில்லை)

மாற்ற வேண்டிய பலகை இன்னும் ஆறு. பிறகு கலப்பத்து. பிறகு லாரி. கடலில் இறக்கினாலும் மரம் ஊதி இடுக்கு மூடும்வரை சில நாள் பம்பை ஓடவிட்டுக் கயிற்றிலேயே தொங்கவிட வேண்டும். தேதி கேட்காதீர்கள்.

பைபர் பூசலாமா? (உசிலம்பட்டி, இன்று காலை)

மேலே படியுங்கள்.

அண்ணா, ஞாயிறு மதுரை வருகிறேன். எபாக்சி ஒட்டிய தேக்குத் துண்டு ஒன்று கொண்டுவரட்டுமா? (மண்டபம்)

கொண்டு வாருங்கள். ஒரு வாரம் உப்புத்தண்ணீரிலும் ஒரு வாரம் ஓட்டுக் கூரைமேலும் மாற்றி மாற்றிப் போடுவோம். உளி என்னிடம் இருக்கிறது; கருவாடு மட்டும் மறக்க வேண்டாம்.