செம்மண்ணிலும் 22, கரிசலிலும் 22

கேள்வி: சொட்டுநீரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். மேட்டு வயல் மணல் கலந்த செம்மண். பள்ளத்து வயல் கரிசல். இரண்டிலும் பதித்த ஈரப்பத சென்சார்கள் 22 சதவீதம் என்றே காட்டுகின்றன. செம்மண்ணில் பயிர் செழித்து நிற்க, கரிசலில் உச்சி வெயிலில் இலை சுருள்கிறது. விற்றவரோ கருவியில் பழுதில்லை என்கிறார். எதை நம்புவது?
- ஒரு வாசகர், கொடுமுடி வட்டாரம்

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைத்தான் உங்கள் சென்சார் காட்டுகிறது. அதில் வேருக்கு எவ்வளவு கிட்டும் என்பதை அது அறியாது. மணற்பாங்கான செம்மண்ணுக்கு 22 என்பது வயிறு நிறைந்த நிலை. களி மிகுந்த கரிசல் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், அங்கே அதே 22 ஏறக்குறைய வாடும் நிலை.

ஆயினும் கருவியைச் சோதித்துவிடுவது நல்லது. 100 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரும்பு வளையத்தைச் சென்சாருக்கு அருகே, அதே ஆழத்தில் அழுத்தி எடுத்த மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடியும் எடைபோடுங்கள். ஈரமண் 158 கிராம், உலர்ந்த மண் 130 கிராம் என்றால் நீர் 28 கிராம். அது 28 கன சென்டிமீட்டர் என்பதால், 100 கன சென்டிமீட்டர் மண்ணில் கன அளவில் 28 சதவீதம். உலர்ந்த மண்ணின் எடையோடு ஒப்பிடும் எடைக் கணக்கில் இதே மண் ஏறத்தாழ 21.5 சதவீதம்தான். சென்சார்கள் பெரும்பாலும் கன அளவில் காட்டுபவை. ஆய்வகச் சீட்டில் எடைக் கணக்கு இருக்கக்கூடும். இதைப் பார்க்காவிட்டால் நல்ல கருவியையும் பழுதென்று திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

கரிசலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. காயக் காய மண் சுருங்கி, கருவியைச் சுற்றி விரலிடுக்கு அளவு வெடிப்பு விழுந்தால், அது காட்டும் எண்ணில் பாதி காற்றினுடையது. தோண்டிய மண்ணையே குழைத்து, இடைவெளியில்லாமல் அணைத்துப் பதிக்க வேண்டும். மின்தடையை அளக்கும் மலிவான இருமுள் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. முள் அரித்துப்போவதோடு, பொட்டாஷ் கரைசல் விட்ட பிறகு உப்பின் காரணமாக ஈரத்தைக் கூட்டியே காட்டும்.

வேர் எவ்வளவு பாடுபட்டு நீரை இழுக்கிறது என்பதை அளப்பது டென்சியோமீட்டர் என்னும் நீர் நிரப்பிய குழாய்க் கருவி. செம்மண்ணுக்கு அது ஏற்றது. ஏறத்தாழ 80 சென்டிபார் இழுவிசைக்கு மேல் அதன் நீர்த்தம்பம் அறுந்துவிடுவதால், காயவிடும் கரிசலுக்கு ஒத்துவராது. எண்களே வேண்டாம் என்றால், கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய, ஈரத்தை நான்கு நிற விளக்குகளால் காட்டும் கருவியைப் பார்க்கலாம்.

இப்போது இருப்பதையே பயன்படுத்த வழியுண்டு. நன்றாக நீர் பாய்ச்சி, மழையில்லாத நாளில், செம்மண்ணில் ஒரு நாளும் கரிசலில் இரண்டு மூன்று நாளும் கழித்து வரும் எண்ணைக் குறியுங்கள். அதுவே அந்த வயலின் நிறைவுக் கோடு. மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து 'இன்று தண்ணீர் விட்டாக வேண்டும்' என்று நீங்கள் முடிவு செய்யும் நாளின் எண், கீழ்க்கோடு. கரிசலின் கீழ்க்கோடு 22-க்கு மேலேயே அமையும் என்பது என் கணிப்பு. வயலுக்கு இரண்டாக இந்த நான்கு எண்களையும் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.