கிடா வெட்டுக்குப் போகிற வேனில் பாரத்தை எங்கே வைப்பது?

கேள்வி: திருச்சியிலிருந்து கொல்லிமலை மாசி பெரியண்ணசாமி கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிறோம். பெரியவர்கள் 15 பேர், சிறுவர்கள் 4 பேர். டிராவல்ஸில் 14 சீட் வேன் பேசியிருக்கிறோம். பாத்திரம், அரிசி, தண்ணீர் கேன், சிலிண்டர், 2 கிடா எல்லாம் உண்டு. “நடுவில் ரெண்டு ஸ்டூல் போட்டுக்கலாம், சாமானை மேலே கட்டிடலாம், ஒண்ணும் ஆகாது” என்கிறார் டிராவல்ஸ்காரர். என் மைத்துனர், மேலே வேண்டாம், பின்னால் டிக்கியில் வைக்கலாம் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே தப்பு. டிக்கி, கேரியர் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்.

பெரியவர் ஒருவருக்கு 65 கிலோ என்று வைத்தால் 15 பேருக்கு 975 கிலோ. சிறுவர்கள் நான்கு பேரும் சேர்ந்து 100. டிரைவர் 65. ஆக 1,140. சாமானில் துணிப்பைகள் 120, அரிசி 50, பாத்திரம் 60, சிலிண்டர் 30, 20 லிட்டர் கேன் ஐந்து என்றால் 100, கிடா இரண்டும் 50. இது 410. மொத்தம் 1,550 கிலோ. 14 சீட் வேன் டிரைவரோடு 15 பேரையும் ஆளுக்கொரு பையையும் தாங்கக் கட்டப்பட்டது. அது 1,100 கிலோவைச் சற்றே தாண்டும். நீங்கள் 400 கிலோவுக்கு மேல் கூடுதலாக ஏற்றுகிறீர்கள். நல்ல எருமை ஒன்றையும் கூடவே கூட்டிப் போவது மாதிரி. சிறுவர்களை மடியில் வைத்தால் கணக்கில் வராது என்பார்கள். மடியில் இருந்தாலும் எடை எடைதான்.

சந்தேகமாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். காலி வண்டியின் எடையும் பாரத்தோடு இருக்கலாம் என்கிற எடையும் அதில் இருக்கும். போகிற வழியில் நாமக்கல் வருகிறது. லாரி ஊர், எடைமேடைக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் உட்கார்ந்தபடியே வண்டியை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிப் பாருங்கள், செலவு கொஞ்சம்தான். பயணிகள் வேனை எடைபோடச் சொல்லி எந்தச் செக்போஸ்ட்டிலும் கேட்டு நான் பார்த்ததில்லை. பர்மிட் பார்ப்பார்கள், வரி பார்ப்பார்கள், சல்யூட் அடித்து அனுப்புவார்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சோதனைக்கும் காலி வண்டிதான் போகிறது. சட்டப்படி கூடுதல் ஆள் ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம். இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்தது. வழியில் நீங்கள் சாப்பிடும் பரோட்டா பில் அதைவிட அதிகமாக இருக்கும். கூடுதல் ஆட்களை இறக்கி வேறு வண்டியில் ஏற்றாமல் நகர விடக்கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாட்டு வண்டி ஓட்டியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையே கேட்கலாம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். வேனிலும் அதே கதைதான். டிக்கி இருப்பது பின் சக்கரத்துக்கும் பின்னால். அங்கே அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் அடுக்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும். சமதரையில் இது தெரியாது. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் தள்ளும், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சோம்பலாகத் திரும்பும். மேலே கட்டினால் தலைப்பாரம். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும், அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக இப்படி 70 வளைவு.

ஆகவே கனமானவை எல்லாம் தரையில், இரண்டு அச்சுக்கும் நடுவில், சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். டிக்கியில் துணிப்பை மட்டும். மேலே பாய், தலையணை, வெறும் பிளாஸ்டிக் கூடை போதும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி, 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி முடிச்சை ஒருமுறை பாருங்கள், கயிறு தளர்ந்திருக்கும். நடைபாதையில் ஒரு பைகூட வேண்டாம், ஸ்டூல் வேண்டவே வேண்டாம். தரையில் பிடிப்பில்லாத ஸ்டூல் பிரேக் போட்டால் ஆளோடு டிரைவர் முதுகில் வந்து நிற்கும்.

சிலிண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தது, உள்ளே வைத்திருந்த சிலிண்டரால்தான். கிடா வெட்டுக்கு விறகடுப்புதானே வழக்கம்!

பாத்திரம், அரிசி, தண்ணீர், விறகு, கிடா எல்லாவற்றையும் ஒரு குட்டியானையில், அதாவது சின்னச் சரக்கு வண்டியில் அனுப்புங்கள். ஆட்களிலும் ஐந்து பேரைக் காரிலோ பஸ்ஸிலோ வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெரிய வேன் எடுங்கள். ஆனால் குட்டியானையின் பின்பக்கத்தில் ஆள் ஏறக் கூடாது. “சாமானுக்குச் சொந்தக்காரர் கூடப் போகலாம், சட்டமே இருக்கு” என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, 1994 திருத்தத்தில் வந்தது. சரக்கு வண்டியில் பொருளின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ பொருளோடு போய் விபத்து நடந்தால் காப்பீடு பொறுப்பேற்க வேண்டும். இதை எங்கள் ஊரில் தப்புத் தப்பாக நீட்டுவார்கள். சாமானுக்குச் சொந்தக்காரர் என்றால் சாமானைப் பார்த்துக்கொள்ளக் கேபினில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஒருவர். அரிசி மூட்டை என் தம்பியுடையது, கிடா மச்சானுடையது, அண்டா சித்தப்பாவுடையது என்று எட்டுப் பேர் பின்னால் ஏறி நிற்பதற்கு அது வழிவிடவில்லை. அப்படிப் போய் அடிபட்டவர்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் போகட்டும், கேபினில் உட்கார்ந்து போகட்டும்.

உங்கள் டிராவல்ஸ்காரரிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. பேசும்போது ஒரு வண்டி, விடியற்காலை வாசலில் வந்து நிற்பது இன்னொரு வண்டி, இது இந்தத் தொழிலில் பழைய வேலை. பெட்டியெல்லாம் தெருவில், பாட்டி வாசலில் ரெடி, அந்த நேரத்தில் யார் சண்டை போடுவார்கள்? புறப்படுகிறதற்கு முந்தைய நாளே வண்டி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு அனுப்பினால், அடிபட்டால் காப்பீட்டுக்காரர் கை விரிப்பார். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி தெரியும். டிரைவரிடம் நேற்றிரவு எங்கே இருந்தீர்கள் அண்ணே என்று சும்மா கேளுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு நேராக உங்கள் வாசலுக்கு வந்தவர் என்றால், தூங்கி எழுந்த வேறு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். கமிஷன் வாங்குகிற புரோக்கருக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அவர் கொல்லிமலைக்கு வரப் போவதில்லை.

ஓட்டுவதில் ஒன்றை மட்டும் டிரைவரிடம் சொல்லிவையுங்கள், நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்கினால் முழுப் பாரமும் பிரேக் மேல்தான் விழும். பிரேக் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இன்ஜினையும் அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, தானாக ஆறும்வரை நிற்க வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடலாம். குறுகிய இடத்தில் எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும்.

கறிச்சோறு போட்டதும் டிரைவரை ஒரு மணி நேரம் படுக்க விடுங்கள். பந்தி முடிந்த கையோடு யாராவது அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஊற்றிக் கொடுப்பார்கள், அதைக் கவனிக்க உங்கள் மைத்துனரை நிறுத்துங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். ஏறுவதற்கு முன் தலையை எண்ணுங்கள். குட்டியானையில் அனுப்பிய அண்டா, திரும்பும்போது வேனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.