ஒரே நோயாளி, நாலு பதிவேடு: மதுரை வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

மருத்துவப் பதிவேடுகளை ஒன்றோடொன்று பேச வைப்பது பற்றி மதுரை மாவட்டத்தின் கிளினிக், லேப், ஆரம்ப சுகாதார நிலையம் என்று பல இடங்களில் இருந்து வந்த கேள்விகள் இவை. கேட்டவரின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேலூர், கிளினிக் டாக்டர்: பேஷன்ட் ஆபா (ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட்) கார்டு காட்டுகிறார், நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஆனால் அவருடைய போன் ஆப்பில் எங்கள் கிளினிக் ரெக்கார்டு ஒன்றுகூட வரவில்லை. ஏன் சார்?

நம்பரை வாங்குவது ஒரு வேலை, ரெக்கார்டை இணைப்பது வேறு வேலை. 14 இலக்க ஆபா எண் ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அவர் வந்து போன ஒவ்வொரு தடவைக்கும் உங்கள் மென்பொருள் ஒரு ‘கேர் கான்டெக்ஸ்ட்’ (அந்த வருகையின் ரெக்கார்டைக் குறிக்கும் ஒரு பதிவு) உருவாக்கி, அதை அவருடைய ஆபா முகவரியோடு (மின்னஞ்சல் முகவரி மாதிரியான பெயர்) லிங்க் செய்ய வேண்டும். அது நடக்காவிட்டால் ஆப்பில் எதுவும் தெரியாது.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் மென்பொருளுக்கு மூன்று படிகள் உண்டு. எம்1 என்றால் ஆபா உருவாக்குவதும் சரிபார்ப்பதும். எம்2 என்றால் உங்கள் ரெக்கார்டை மற்றவருக்குக் கொடுப்பது. எம்3 என்றால் மற்றவர் ரெக்கார்டை நீங்கள் கேட்டு வாங்குவது. ‘ஆபா வசதி உண்டு’ என்று நோட்டீஸில் போடும் வென்டர்களில் சிலர் எம்1-லேயே நின்றிருப்பார்கள். "எம்2 முடிஞ்சிருச்சா, எந்தெந்த ரெக்கார்டு வகைக்கு?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று. டெல்லியில் யாரும் உங்கள் ரெக்கார்டின் நகலை வைத்திருப்பதில்லை. அது உங்களிடமேதான் இருக்கிறது. முன் மேசைக் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்து ராத்திரி 9 மணிக்கு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால், 11 மணிக்கு ராஜாஜி ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் அனுமதி வாங்கிக் கேட்டாலும் ஒன்றும் போகாது. 24 மணி நேரமும் ஓடும் கிளவுட் சர்வரில் வையுங்கள்.

உசிலம்பட்டி, கிராம சுகாதார செவிலியர்: ஒரே அம்மாவுக்கு பிக்மியில் (கர்ப்பிணிப் பதிவேடு) ஒரு நம்பர், மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பதிவு, பிள்ளை தடுப்பூசிக்கு யூ-வின். எல்லாம் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

பழைய நம்பர்கள் எதையும் தூக்கிப் போட வேண்டாம், அக்கா. ஒரு ஆளின் பெயருக்குக் கீழே எத்தனை நம்பர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொன்றும் எந்தப் பதிவேட்டுடையது என்று சேர்த்து எழுதியிருந்தால் போதும். தாய்-சேய் நலப் பதிவின் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் ஒரு வரி, ஆபா ஒரு வரி, ஆஸ்பத்திரி ஓ.பி. எண் ஒரு வரி. ஆதார் எண்ணை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது; அதைச் சேமிக்க ஆதார் ஆணையமான யு.ஐ.டி.ஏ.ஐ. விதித்த தனிப் பெட்டகம் வேண்டும்.

பொதுவான நம்பர் எதுவும் இல்லாதபோதுதான் சிக்கல். பெயரை வைத்துப் பொருத்தப் போனால் நம் ஊர்ப் பெயர்கள் கழுத்தறுக்கும். முத்துலட்சுமியை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். இனிஷியல் ஒரு பதிவில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தால் ஒருவர் ஊர்ப் பெயரைப் போடுவார், இன்னொருவர் ஒரு புள்ளி வைத்துத் தாண்டிவிடுவார். முழுப் பெயரையும் சொன்னபடியே ஒரே கட்டத்தில் வாங்குங்கள். அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

பிறந்த தேதியிலும் கவனம். வருஷம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். ஆகவே இரண்டு பதிவிலும் ஜனவரி 1 இருப்பது பொருத்தத்துக்குச் சாட்சியே இல்லை. வருஷம்தான் தெரியும் என்றால் வருஷத்தை மட்டும் பதியலாம். ஃபயர் என்ற, மருத்துவ ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் பொதுத் தரத்தில் ‘1968’ என்று மட்டும் எழுதினாலும் செல்லும். போன் நம்பரை நம்பியும் சேர்க்காதீர்கள். ஒரு வீட்டில் நாலு பேருக்கும் ஒரே போன்தான்.

மென்பொருள் மதிப்பெண் போட்டு மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும்: நிச்சயம் ஒரே ஆள், நிச்சயம் வேறு ஆள், சந்தேகம். சந்தேகப் பட்டியலை வாரம் ஒருமுறை உங்களைப் போல ஊர் தெரிந்தவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் வேலைதான் கூடும். இரண்டு ஆளை ஒன்றாக்கினால் ஒருவருடைய ரத்த வகை இன்னொருவருக்குப் போகும். அதனால் எப்போதும் பிரித்தே வைக்கும் பக்கம் சாயுங்கள். சேர்த்த பிறகும் மறுபடி பிரிக்க வழி வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை எழுதி அழிக்கும் மென்பொருள் ஆகாது.

சிம்மக்கல், லேப்: எங்கள் மெஷினில் இருந்து ரிசல்ட் தானாகவே கம்ப்யூட்டருக்கு வருகிறது. அதை அப்படியே அனுப்பினால் போதாதா?

போதாது. மெஷின் ‘எஸ்.ஜி.எல்.யு’ என்று ஏதோ ஒரு சுருக்கத்தைத் துப்பும். அது வெறும்வயிற்றுச் சர்க்கரையா, சாப்பாட்டுக்குப் பிறகா என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு டெஸ்டுக்கும் லாயிங்க் (லேப் டெஸ்டுகளுக்கான உலகப் பொதுக் குறியீடு) பொருத்துங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி-க்கு 4548-4, வெறும்வயிற்றுச் சர்க்கரைக்கு 1558-6, கிரியேட்டினினுக்கு 2160-0, ஹீமோகுளோபினுக்கு 718-7. குறியீட்டுக்குக் காசு கிடையாது. எல்லா டெஸ்டையும் ஒரே மூச்சில் செய்யப் போகாதீர்கள். அதிகம் வரும் 50 டெஸ்டை முடித்தாலே அன்றாட வேலையில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அளவை எண்ணோடு ஒட்டி அனுப்ப வேண்டும், தனிக் கட்டத்தில். சர்க்கரையை மி.கி./டெ.லி.-யில் அனுப்புகிறவரும் மில்லிமோல்/லி.-இல் அனுப்புகிறவரும் உண்டு. இடையே 18 மடங்கு வித்தியாசம். கிரியேட்டினினில் 1 மி.கி./டெ.லி. என்பது 88.4 மைக்ரோமோல்/லி. அளவில்லாமல் வரும் எண்ணை வாங்குகிற பக்கம் ஏற்கவே கூடாது.

நேரம் இன்னொரு வில்லங்கம். காலை 5 மணிக்கு எடுத்த ரத்தத்தை ‘+05:30’ போடாமல் அனுப்பிப் பாருங்கள். வாங்கும் சர்வர் அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டு காலை 10.30 என்று காட்டும், வெறும்வயிற்று ரிசல்ட் டிபனுக்குப் பிறகு எடுத்தது மாதிரித் தெரியும். தவறான ரிசல்ட்டைத் திருத்தினால் பழையதை அழித்துப் புதிதாக அனுப்பாதீர்கள். அதே அடையாள எண்ணோடு ‘திருத்தப்பட்டது’ என்ற நிலையில் அனுப்புங்கள். இல்லையென்றால் டாக்டர் திரையில் இரண்டு ரிசல்ட் நிற்கும், எது சரி என்று தெரியாது.

திருமங்கலம், டேட்டா என்ட்ரி: தமிழில் கோமதி என்று தேடினால் கிடைக்கவில்லை. கண்ணுக்கு எதிரே பட்டியலில் இருக்கிறது!

திரையில் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே சேமிப்பு வேறு. ‘கோ’ என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பதியும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறைப்படி ஒருமுகப்படுத்தச் சொல்லுங்கள், இது சரியாகும். கௌரி மட்டும் அடங்காது: கொம்புக்குப் பிறகு ள எழுத்தைத் தட்டியிருந்தால் அது உண்மையான ள, அதைத் தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும். பழைய பட்டியல் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

கே.கே.நகர், நர்சிங் ஹோம்: டிஸ்சார்ஜ் சம்மரியை பி.டி.எஃப். ஆக அனுப்புகிறோம். அனுமதி உண்டுதானே?

உண்டு. ஆனால் அதை மனிதர்தான் படிக்க முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவருக்கு பிரஷர் மருந்தான அம்லோடிபின் 5 மி.கி. போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் அட்மிட் ஆனவருக்கு டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதுகிறீர்கள். இரண்டின் பெயரும் வேறு, நிறமும் வேறு. அவர் இரண்டையும் விழுங்குவார். அம்லோடிபின் 10 ஆகிவிடும், கால் வீங்கும், பிரஷர் இறங்கும். மருந்தின் மூலப்பொருள் குறியீடாகப் போயிருந்தால் கம்ப்யூட்டரே எச்சரிக்கும். பிராண்டில் இருந்து மூலப்பொருளுக்குப் போக, புனேயில் மத்திய அரசின் சி-டாக் நடத்தும் என்.ஆர்.சி.இ.எஸ். (மருத்துவப் பதிவேட்டுத் தரங்களுக்கான தேசிய மையம்) வெளியிட்ட இந்திய மருந்துக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது.

பி.டி.எஃப்.-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மூன்றை மட்டும் குறியீட்டில் கொடுங்கள்: நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை. ஒவ்வாமைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ‘கேட்டோம், எதுவும் இல்லை’ என்பதும் ‘கேட்கவே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஸ்னோமெட் என்ற மருத்துவச் சொல் குறியீட்டுத் தொகுப்பில் குறியீடே உண்டு: 716186003.

வாடிப்பட்டி, காசநோய்ப் பிரிவு: காசநோய்ப் பதிவேடான நிக்ஷய் தனியாக நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்கு இணைப்பு?

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்காக. அந்த மருந்து கல்லீரலைத் தூண்டி, கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சீக்கிரம் சிதைக்க வைக்கும். காசநோய் சிகிச்சை தொடங்கியதும் சர்க்கரை ஏறும். சர்க்கரைப் பதிவேட்டைப் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டால் "மாத்திரை சாப்பிடலையா?" என்று நோயாளியைத் திட்டி அனுப்புவார். சிகிச்சை முடிந்த பின் இன்னொரு ஆபத்து: கூட்டிய அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். ஆகவே தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டும் போய்ச் சேர வேண்டும். யார் பார்க்கலாம் என்பதைக் கண்டிப்பாகச் சுருக்குங்கள். வீடு வீடாகப் போகும் எல்லாருடைய கைப்பேசியிலும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை இது.

செல்லூர், மகள்: அம்மாவுக்கு டயாலிசிஸ். அனுமதி கேட்டு வரும் ஓ.டி.பி. திருப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போகிறது. அவன் வேலையில் இருந்தால் எடுப்பதில்லை.

ஆபாவில் பதிந்த போன் எண்ணை மாற்றலாம்மா. ஆதாரில் உள்ள எண்ணும் ஆபாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அம்மா கூட இருப்பவரின் எண்ணைப் போடுங்கள். அனுமதி கேட்டு வந்தால் நாலைப் பாருங்கள்: யார் கேட்கிறார்கள், எந்தக் காலத்து ரெக்கார்டு, எந்த வகை, எந்தத் தேதி வரை. டயாலிசிஸ் சென்டர் ஆறு மாதத்து லேப் ரிசல்ட் கேட்டால் நியாயம். பத்து வருஷத்து எல்லாம் கேட்டால் காலத்தைச் சுருக்கிக் கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பேரையூர், சுகாதார ஆய்வாளர்: நெட் போய்விட்டால் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுகிறோம். சில பேருக்கு இரண்டு தடவை ஏறிவிடுகிறது.

பதியும் அந்த நொடியிலேயே டேப்லெட் ஒரு தனி அடையாள எண் கொடுக்க வேண்டும், சர்வர் அல்ல. ஏற்றும்போது பாதியில் நெட் அறுந்து மறுபடி அனுப்பினால், அதே எண்ணைப் பார்த்து சர்வர் "இது ஏற்கெனவே வந்தது" என்று விட்டுவிடும். பார்த்த தேதி, ஏற்றிய தேதி இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் செவ்வாய்க்கிழமை எடுத்த பிரஷர் எல்லாம் வெள்ளிக்கிழமை எடுத்ததாகிவிடும்.

மதுரை, பொறியியல் மாணவர்: எங்கிருந்து தொடங்கலாம் அண்ணா?

ஃபயர் ஆர்4 தரத்தில் பேஷன்ட், அப்சர்வேஷன், மெடிகேஷன் ரிக்வெஸ்ட் மூன்றையும் மட்டும் படி தம்பி. என்.ஆர்.சி.இ.எஸ். தளத்தில் இந்தியாவுக்கான வழிகாட்டி இருக்கிறது. அதில் உள்ள மாதிரிகளை எடுத்து, ஒரு கட்டத்தை வேண்டுமென்றே நீக்கி வேலிடேட்டரில் (தரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் கருவி) ஓட்டிப் பார். பிழைச் செய்தியை வாசிக்கப் பழகினால் பாதி வேலை கைக்கு வந்துவிடும். பிறகு சாண்ட்பாக்ஸில் (நிஜப் பதிவேட்டைத் தொடாத சோதனைக் களம்) எம்1. நிஜ நோயாளியின் ரெக்கார்டைச் சோதனைக்குத் தொடாதே. முத்துலட்சுமி என்ற பெயரிலேயே பத்துப் பதினைந்து கற்பனைப் பதிவுகளை, வெவ்வேறு எழுத்துக்கூட்டில், நீயே செய்துகொள்.