அரிட்டாபட்டி, கீழவளவு: குழந்தைகளோடு ஒரு நாள் போய்வரலாமா?

மதுரை அண்ணாநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கொடைக்கானல் கூட்டம் எங்களுக்கு ஒத்துவராது. மேலூர் பக்கம் மலைக்கு நடுவே ஏரி, பழைய சுரங்க ஊர் எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம் என்கிறார்கள். 9, 12 வயதில் இரண்டு பையன்கள், முழங்கால் வலியோடு மாமியார், ஒரு கார். டங்ஸ்டன் சுரங்கத்தை உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா? வாட்ஸாப்பில் வந்த பச்சைத் தண்ணீர்க் குவாரியில் பையன்கள் குளிக்கலாமா?"

தாராளமாகப் போய்வரலாம். ஆனால் குவாரியில் மட்டும் குளிக்கக் கூடாது. டங்ஸ்டன் சுரங்கம் என்று ஒன்று அங்கே கிடையாது. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய 2015 ஹெக்டேரில் டங்ஸ்டன் உலோகம் எடுக்க ஒரு நிறுவனத்தை 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்தில் தேர்ந்தெடுத்தது. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. நீங்கள் பார்க்கப்போவது தோண்டாமல் தப்பித்த மலையை. தோண்டிய மலை கீழவளவில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே நாளில், இதே வரிசையில் பார்க்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். மேலூர் நான்குவழிச் சாலையில் போய் இடப்பக்கம் பிரிந்தால், மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ.யில் அரிட்டாபட்டி. ஏரி என்றதும் படகு, சோளக்கதிர் கடை என்று பையன்கள் கற்பனை செய்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அது எதுவும் இல்லை. மொட்டைப் பாறைக் குன்றுகள் ஏழு, அவற்றின் காலடியில் கண்மாய்கள், பாறைமேல் சுனைகள். மழை பெய்தால் பாறை ஒரு சொட்டைக்கூடக் குடிக்காது. வழிந்து வருவதையெல்லாம் கீழே கரைகட்டிப் பிடித்திருக்கிறார்கள். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நின்றால் இந்த ஏற்பாடு முழுவதும் கண்ணில் படும். மலை, வரத்து, கண்மாய், மடை, அதற்குக் கீழே வயல். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பாடப்புத்தகம் சொல்லாததை இந்தக் கரை சொல்லிவிடும்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிக் கழுகு மூன்றும் இங்கே உண்டு. ஒரு பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்மாதங்கள் இவற்றின் கூடுகட்டும் காலம் என்பதால் பாறைச் செங்குத்துகளுக்குக் கீழே கத்துவதும் ட்ரோன் விடுவதும் வேண்டாம்.

மாமியாருக்கு அடிவாரத்திலுள்ள குடைவரைச் சிவன் கோயில் போதும். பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்த சிறிய கோயில். சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் கையில் தடியோடு அமர்ந்திருக்கும் சிற்பம் தமிழ்நாட்டில் அதிகம் காணக் கிடைக்காதது. மாமியார் அங்கே நிழலில் இருக்கட்டும். நீங்கள் பையன்களோடு கழிஞ்சமலைச் சமணக் குகைக்கு ஏறிவிட்டு வாருங்கள். குகை நெற்றியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. 'நெல்வெளி', 'இலஞ்சி' என்று அவற்றில் வரும் பெயர்களை ஆய்வாளர்கள் திருநெல்வேலியோடும் தென்காசிப் பக்கத்து இலஞ்சியோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எங்கிருந்தோ வந்தவர் இங்கே துறவிகளுக்குக் குகை செய்து கொடுத்திருக்கிறார்! எழுத்தைத் தடவாதீர்கள், சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்காதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும், அதற்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாசிப் பாறையில் ஏறவே வேண்டாம்.

அடுத்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் சாலையில் கீழவளவு. இதைச் 'சுரங்க ஊர்' என்பது பெரிய வார்த்தை, கிரானைட் குவாரி ஊர் என்பதே சரி. உலகமெங்கும் சமையலறை மேடைகளில் 'காஷ்மீர் ஒயிட்' என்ற பேரில் கிடக்கும் சிவப்புப் புள்ளி வெள்ளைக் கல் மேலூர் வட்டாரத்திலிருந்து போனதுதான். காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வியாபாரிகள் வைத்த பெயர். சிவப்புப் புள்ளிகள் கார்னெட் மணிகள். 2012இல் அப்போதைய கலெக்டர் உ. சகாயம் முறைகேடுகள் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குவாரிகள் மூடப்பட்டன. 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. கதை நீளம், நீதிமன்றக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை.

இப்போது அந்தப் பச்சைத் தண்ணீர். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கண்மாய் ஒரு தட்டு மாதிரி: வரத்துப் பக்கம் கணுக்கால் ஆழம், கரையை நோக்கிப் போகப் போகத்தான் ஆழம் கூடும். குவாரி அப்படி இல்லை. கல்லைக் கட்டி கட்டியாக எடுக்க வேண்டும் என்பதால் துளைபோட்டு, கம்பி ரம்பத்தால் சுவர்போல நேராக அறுத்து, படிப்படியாக இறங்குவார்கள். ஒவ்வொரு படியும் ஆள் உயரத்துக்கு மேல். தண்ணீர் நின்றபிறகு மேல்படி மட்டும் இடுப்பளவு ஆழமாகத் தெரியும். அடுத்த அடி வைத்தால் கால் எட்டாது. திரும்பிப் பிடித்து ஏறலாம் என்றால் அறுத்த கல்லில் விரல் நுழைய ஒரு பிளவு இருக்காது. வெயில் மேல்தண்ணீரைத்தான் சூடாக்கும். ஆழத்தில் குளிர்ந்தே கிடப்பதால் திடீரென்று இறங்குகிறவருக்கு மூச்சு அடைக்கும். அடியில் கம்பியும் உடைந்த கல்லும் கிடக்கலாம். நன்றாக நீந்துகிற பெரியவருக்கும் இதே கதிதான், பையன்களைச் சொல்லவே வேண்டாம். விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பதும் கூடாது, வெட்டிய ஓரத்துக் கற்கள் சில சும்மா உட்கார்ந்திருப்பவை. சாலையிலிருந்தே வெட்டுச்சுவர் தெரியும், அங்கிருந்து பார்த்தால் போதும்.

கீழவளவில் நீங்கள் ஏற வேண்டியது பஞ்சபாண்டவர் மலை. சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் செய்து கொடுத்ததாகச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அதன் எழுத்துகள் தலைகீழாக, வலமிருந்து இடமாக ஓடுகின்றன. கல்லில் வெட்டியவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று பையன்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரைமணி நேரம் சத்தமே வராது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் இந்தக் குன்று தப்பித்தது. மேலே நின்று சுற்றிலும் பார்த்தால் தப்பிக்காதவை தெரியும்.

மதியம் மேலூரில் சாப்பாடு. கிராமங்களில் டீக்கடைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கழிப்பறை வேலையையும் மேலூரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், குளிக்காமல் பையன்கள் வீடு திரும்ப மாட்டார்கள் என்று தெரியும். மேலூரிலிருந்து நேராக அழகர்கோவிலுக்கு விடுங்கள். மலைமேல் ராக்காயி அம்மன் கோயிலில் நூபுரகங்கைத் தீர்த்தம் இருக்கிறது. அங்கே பயமில்லாமல் குளிக்கலாம். கோயில் வாசலில் இருந்து மேலே போகப் பஸ் உண்டு, மாமியார் நடக்க வேண்டியதில்லை. குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தைக் காரிலேயே வைத்துவிடுங்கள். இறங்கியதும் அழகர்கோவில் தோசை. அங்கிருந்து மதுரை 21 கி.மீ., இருட்டுவதற்குள் வீடு.

மார்கழி, தை மாதங்களில் போனால் கண்மாயில் தண்ணீர் இருக்கும், பாறைச் சூடும் தாங்கும். பங்குனிக்கு மேல் என்றால் கீழவளவை விட்டுவிட்டு அரிட்டாபட்டியை எட்டரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் அழகர்கோவில் சாலைப் பக்கமே காரைத் திருப்ப வேண்டாம்.