பாறைப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலவியலை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசையில் ஓர் அறிமுக நூலை வாசிக்கத் தொடங்கினேன். முன்னுரையைத் தொடர்ந்து வரும் இரண்டு அத்தியாயங்களும் கனிமங்களின் பெயர்களாலும் பாறை வகைப்பாட்டு அட்டவணைகளாலும் நிறைந்திருக்கின்றன. கிரானைட், டயோரைட், கேப்ரோ, ரையோலைட், ஆண்டிசைட் என்று எத்தனை முறை படித்தாலும் மனத்தில் நிற்கவில்லை. முன்னுரையில் வரும் வரலாற்றுப் பகுதியோ, இன்று யாரும் ஏற்காத பழைய கொள்கைகளைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. இவற்றைத் தாண்டிவிட்டு, கண்டத்தட்டுகள், எரிமலைகள் ஆகிய பகுதிகளுக்கு நேரடியாகச் செல்லலாமா?

இதைவிட முக்கியமான ஐயம் ஒன்று உண்டு. மனிதர் எவரும் பார்த்திராத நிகழ்வுகளை, ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே, “இது இத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன், இத்தனை கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது” என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? ஊகத்தையே உண்மையாகச் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது. கடைசியாக ஒரு சிறு கேள்வி: பனிக்கட்டி கனிமம் என்றும், நிலக்கரி கனிமம் அல்ல என்றும் அந்நூல் சொல்வது எதனால்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் முதல் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். ஒரு கல்லைப் பார்த்து அதன் பிறப்பை எப்படிச் சொல்கிறார்கள் என்ற ஐயத்துக்கான விடை, தாங்கள் தாண்டிச் செல்ல நினைக்கும் அந்தப் பகுதிகளில்தான் இருக்கிறது. பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் அந்தப் பாறை உருவான விதத்தைப் பற்றிய ஒரு முடிவு என்பதையும், அந்த முடிவு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்பதையும் அறியாமல் கண்டத்தட்டுகளுக்குப் போனால், அங்கே சொல்லப்படுவதை அப்படியே நம்புவதற்கும் மறுப்பதற்கும் மேல் எதுவும் செய்ய முடியாது.

புதிதாக உடைந்த ஒரு கிரானைட் துண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் வழியாகப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பவை பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார். துண்டை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் அவற்றின் தட்டையான முகங்கள் ஒரு கோணத்தில் பளிச்சிட்டு உடனே மங்கும். ஃபெல்ட்ஸ்பார் குறிப்பிட்ட தளங்களில் மட்டுமே பிளப்பதால் வரும் பளிச்சிடல் அது. கருமையாக மின்னும் மெல்லிய தகடுகள் மைக்கா; ஊசிமுனையால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். இவ்விரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடிபோல, தட்டையான முகம் எதுவும் இல்லாமல் இருப்பது குவார்ட்ஸ். ஃபெல்ட்ஸ்பாரின் ஓரங்கள் பல இடங்களில் நேர்க்கோடாக இருக்க, குவார்ட்ஸ் தனக்கென்று வடிவம் இல்லாமல் மீந்த இடைவெளிகளில் நிறைந்திருப்பதைக் கவனியுங்கள். பாறைக்குழம்பு குளிரும்போது ஃபெல்ட்ஸ்பாரின் பெரும்பகுதி முதலில் படிகமாகி, சுற்றிலும் திரவம் இருந்ததால் தடையின்றி வளர்ந்தது. கடைசியில் படிகமான குவார்ட்ஸுக்கு எஞ்சிய இடம்தான் கிடைத்தது. எந்த ஆய்வகமும் இல்லாமல், எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசையை அந்தத் துண்டிலேயே வாசித்துவிட முடிகிறது.

படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியனவாக இருப்பதற்குக் காரணம், அந்தக் குழம்பு நிலத்துக்கடியில் மிக மெதுவாகக் குளிர்ந்ததே. அதே குழம்பு எரிமலை வழியாக வெளியே வந்து விரைவாகக் குளிர்ந்திருந்தால், படிகங்கள் மிக நுண்ணியவையாகி அது ரையோலைட் எனப்பட்டிருக்கும். இப்போது தங்களை மிரட்டும் அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். அதில் இருப்பவை வேதிக்கூறு, குளிர்ந்த வேகம் என்ற இரண்டே அளவுகோல்கள். கிரானைட்டும் ரையோலைட்டும் ஒரு சோடி, டயோரைட்டும் ஆண்டிசைட்டும் ஒரு சோடி, கேப்ரோவும் பசால்ட்டும் ஒரு சோடி. ஒவ்வொரு சோடியிலும் முதலாவது ஆழத்தில் உறைந்தது, இரண்டாவது மேலே வந்து உறைந்தது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மனப்பாடம் செய்ய அநேகமாக எதுவும் மிஞ்சாது.

அடுத்து ஒரு மணற்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் குவார்ட்ஸ்தான் மிகுதி. ஆனால் மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்காமல், விளிம்பு தேய்ந்து, இடையில் படிந்த சிலிக்காவாலோ கால்சைட்டாலோ இரும்பு ஆக்சைடாலோ ஒட்டப்பட்டிருக்கும். கிரானைட் மழையிலும் காற்றிலும் சிதையும்போது, காற்றின் கரியமில வாயுவைக் கரைத்து இலேசான அமிலமாகிவிட்ட மழைநீர் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. குவார்ட்ஸோ ஏறக்குறைய மாறாமல் மணலாக எஞ்சுகிறது. ஓடும் நீர் இவ்விரண்டையும் பிரித்து, மணலை ஓரிடத்திலும் களிமண்ணை அமைதியான நீரிலும் படியவிடுகிறது. ஒரே கிரானைட் மலையிலிருந்து மணற்கல்லும் களிப்பாறையும் தனித்தனியே பிறப்பது இப்படித்தான்.

குவார்ட்ஸுக்கு மட்டும் ஏன் இந்த உறுதி என்று கேட்டால், விடை அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. புவியின் மேலோட்டு எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆக்சிஜன், 28 விழுக்காடு சிலிக்கன். ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் அமைவதே மேலோட்டின் சிலிக்கேட் கனிமங்கள் அநேகமாக அனைத்திற்கும் அடிப்படை. குவார்ட்ஸில் ஒவ்வொரு நான்முகியும் தன் நான்கு மூலைகளையும் அண்டை நான்முகிகளோடு பகிர்ந்து முப்பரிமாண வலையாகப் பிணைந்திருப்பதால், பிளவுபடுவதற்கு ஏற்ற பலவீனமான தளம் இல்லை. மைக்காவில் அவை தாள்களாகப் பிணைந்து, தாளுக்கும் தாளுக்கும் இடையே பிணைப்பு வலுவிழந்திருக்கிறது. ஊசிமுனையில் ஏடு பிரிவதன் காரணம் அதுவே. குவார்ட்ஸ் படிகம் சிறிதானாலும் பெரிதானாலும் அதன் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று 1669ஆம் ஆண்டிலேயே டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவிட்டார். அந்தக் கோணத்துக்கு உள்ளே இருக்கும் அணு ஒழுங்கை எக்ஸ் கதிர்களால் காட்ட 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரலாற்றுப் பகுதியைத் தாண்டிவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். பசால்ட் நெருப்பில் பிறந்ததா, நீரில் பிறந்ததா என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்களை இரு அணிகளாகப் பிரித்த கேள்வி. ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் 1775 முதல் கற்பித்த ஆப்ரகாம் வெர்னர், பாறைகளில் பெரும்பாலானவை ஆதிக்கடலிலிருந்து படிந்தவை என்று கருதினார். பல நூல்கள் அவரைப் பிடிவாதக்காரராகச் சித்திரித்து இரண்டே வரிகளில் கடந்துவிடுகின்றன. இது பெரிய அநீதி. ஷைபென்பெர்க் குன்றில் மணல், அதன்மேல் களிமண், அதன்மேல் பசால்ட் என்று அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று படிப்படியாக மாறுவதுபோல இருப்பதை அவர் கண்டார். அருகில் எரிமலை எதுவும் இல்லை. கண்ணெதிரே இருந்த சான்றிலிருந்து அவர் எடுத்த முடிவு நியாயமானது. அத்துடன், பாறைகளை அவை உருவான கால வரிசையில் அடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பியவர்களில் முதன்மையானவரும் அவரே.

ஆனால் பிரான்சின் ஓவேர்ன் பகுதியில் நிக்கோலா தெமாரே 1763இல் தொடங்கிய ஆய்வில், பசால்ட் தூண்களைத் தொடர்ந்து நடந்தால் அவை அணைந்துபோன எரிமலை வாய்களில் சென்று முடிவதைக் கண்டறிந்தார். வெர்னரின் சிறந்த மாணவரான லியோபோல்ட் ஃபான் பூக், அங்கே நேரில் சென்று பார்த்தபின் ஆசிரியரின் கருத்திலிருந்து விலகினார். இதற்கிடையே ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன், 1785இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் சிவந்த கிரானைட் நரம்புகள் கருமையான பாறைகளை ஊடுருவிக் கிடப்பதைக் கண்டார். ஊடுருவியது ஊடுருவப்பட்டதைவிட இளையதாகவும், ஊடுருவியபோது உருகிய நிலையிலும் இருந்திருக்க வேண்டும். உருகிய குழம்பு உறைந்தால் கண்ணாடிதானே கிடைக்கும், படிகப் பாறை எப்படிக் கிடைக்கும் என்று எதிரணியினர் கேட்டனர். ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் பசால்ட்டை உலையில் உருக்கி, விரைவாகக் குளிரவிட்டால் கண்ணாடியும் மெதுவாகக் குளிரவிட்டால் படிகப் பாறையும் கிடைப்பதைக் காட்டினார். புவியின் பெருஞ்செயல்களைச் சிறு மூசையில் சோதிப்பதை ஹட்டன் விரும்பவில்லை. 1797இல் அவர் மறைந்த பிறகே ஹால் தம் முடிவுகளை வெளியிட்டார். மேலே கிரானைட்டையும் ரையோலைட்டையும் ஒரு சோடியாகச் சொன்னேனே, அந்தச் சோடி இந்தச் சண்டையில் வென்றெடுக்கப்பட்டது.

காலத்தின் நீளத்தை அழுத்தமாக உணர்த்தியதும் ஹட்டன்தான். 1788இல் அவரும் ஹாலும் மற்றொரு நண்பர் ஜான் பிளேஃபேரும் படகில் சென்று பார்த்த சிக்கர் பாயின்ட் என்ற கடலோரப் பாறையில், செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிற அடுக்குகளின் வெட்டுப்பட்ட முனைகள் மீது, சற்றே சாய்ந்த சிவப்பு மணற்கல் அடுக்குகள் படுத்திருக்கின்றன. படிவுகள் முதலில் கிடைமட்டமாகவே படியும் என்பதும், கீழ் அடுக்கு மேல் அடுக்கைவிட மூத்தது என்பதும் ஸ்டெனோ வகுத்த விதிகள். அப்படியானால் சாம்பல் அடுக்குகள் கடலடியில் படிந்து, கல்லாகி, மடிந்து செங்குத்தாக நிமிர்ந்து, கடலுக்கு மேலே உயர்ந்து, அரிக்கப்பட்டுத் தட்டையாகி, அதன் பின்னரே சிவப்பு மணல் மேலே படிந்து அதுவும் கல்லாகியிருக்க வேண்டும். இந்த வரிசையில் ஒரு படியைக்கூட நீக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்பதைத் தாங்களே முயன்று பார்க்கலாம். ஊகம் என்று தாங்கள் அஞ்சுவதற்கும் அனுமானம் என்று நான் மதிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. கீழ் அடுக்குகளுக்கு ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகள், மேல் அடுக்குகளுக்கு ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகள் என்று இன்று கணக்கிடப்படுகிறது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்த கேள்வி. பூமி குளிரும் வேகத்தைக் கொண்டு இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1862இல் அதன் வயதை 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் அடக்கினார். கதிரியக்கம் அறியப்படாததால் அவர் தவறினார் என்பது வழக்கமான விளக்கம். புவியின் உட்பகுதியில் வெப்பம் சுழன்று மேலே வருவதைக் கணக்கில் கொள்ளாததே அவருடைய பெரிய குறை என்பதை ஜான் பெர்ரி 1895இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். கதிரியக்கம் தந்த உண்மையான கொடை, ஒரு கடிகாரம். சிர்க்கான் என்ற சிறிய கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தைத் தன் அடுக்கில் ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தை அநேகமாக முழுவதும் விலக்கிவிடுகிறது. ஆகவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியத்தின் சிதைவால் விளைந்தது. யுரேனிய அணுக்களில் எடையால் வேறுபட்ட இரு வகைகள் உண்டு: யுரேனியம் 238இல் பாதி சிதைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம் 235இல் பாதி சிதைய ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளும் ஆகும். ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இவ்விரு கடிகாரங்களும் ஒரே வயதைக் காட்டினால், அந்த வயதை நம்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. முரண்பட்டால், படிகம் இடையில் குலைந்திருக்கிறது என்று ஆய்வாளருக்கு அதுவே எச்சரிக்கை. கனிமத்துக்கும், கனிமங்கள் சேர்ந்த தொகுப்பான பாறைக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமாகிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் மணிகளில் மிக மூத்தவற்றின் வயது 440 கோடி ஆண்டுகள். அவை பொதிந்திருக்கும் கூழாங்கற்பாறையோ அதற்கு நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் படிந்தது. அந்த மணிகளைப் பெற்ற ஆதிப் பாறை இன்று இல்லை.

ஆழத்தைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் விடை தருகின்றன. அவற்றில் காணப்படும் ஆண்டலூசைட், கயனைட், சிலிமனைட் ஆகிய மூன்று கனிமங்களும் ஒரே வேதிக்கூறு கொண்டவை, அணு அடுக்கு மட்டும் வேறு. குறைந்த அழுத்தத்தில் ஆண்டலூசைட்டும், உயர் அழுத்தத்தில் கயனைட்டும், உயர் வெப்பத்தில் சிலிமனைட்டும் நிலைபெறுகின்றன. இந்த எல்லைகள் ஆய்வக உலைகளில் அளக்கப்பட்டவை. ஆகவே ஒரு பாறையில் இவற்றுள் எது இருக்கிறது என்பதிலிருந்து, அது எவ்வளவு அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கியது என்பதையும், அதிலிருந்து அது எந்த ஆழம் வரை சென்று மீண்டது என்பதையும் கணிக்க முடிகிறது.

தங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இயற்கையில் உண்டான, திடமான, வரையறுத்த வேதிக்கூறும் ஒழுங்கான அணு அடுக்கும் உள்ள, பொதுவாக உயிர்ப்பொருள் அல்லாத ஒன்றே கனிமம் எனப்படுகிறது. இயற்கையான பனிக்கட்டி இந்த நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றுகிறது; உருகி நீரானால் திடமல்ல என்பதால் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறது. நிலக்கரி தாவர எச்சங்களிலிருந்து வந்தது, அதற்கு நிலையான வேதிக்கூறும் இல்லை, ஒழுங்கான அடுக்கும் இல்லை. எனவே அது படிவுப் பாறைகளோடு வைக்கப்படுகிறது, கனிமங்களோடு அல்ல. அதே நிலக்கரி மேலும் கடுமையான வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகி, அதிலுள்ள கார்பன் அணுக்கள் ஒழுங்கான தாள்களாக அடுக்கப்பட்டு கிராஃபைட் ஆகிவிட்டால், அப்போது அதைக் கனிமம் என்றே அழைக்கிறோம்.

அன்புடன்.