கடுவனும் பூட்டிய வீடுகளும்

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருடமாகிறது. வந்த நாளிலிருந்து ஒரு கடுவன் பூனை எங்களோடு இருக்கிறது. காலையில் பாலும் சோறும் தின்றுவிட்டு ஓட்டுமேல் ஏறினால் எப்போது இறங்கும் என்று தெரியாது. இன்னும் இரண்டு வீட்டில் சாப்பிடுகிறது. ராத்திரி ஓட்டின்மேல் சண்டை. ஓடு விலகி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒழுகுகிறது. அணிலைக் கொன்று வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுவீட்டில், கொண்டுவந்து போடுகிறது. மாதம் ஒருமுறை நாலைந்து நாள் காணாமல் போய், கன்னம் வீங்கித் திரும்பும். போனமுறை உடம்பு கொதித்தது. பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா என்று யோசித்தேன். கருத்தடை ஆபரேஷன் செய்துவிடு என்கிறான் நண்பன். பாவம் என்கிறார்கள் அப்பத்தா. பக்கத்துப் பூட்டிய வீட்டுக்குள் குட்டிகள் கத்துகின்றன. சாக்கில் கட்டி ஊருணிப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் வாட்ச்மேன். இவனை வீட்டோடு இருக்கவைக்க என்ன வழி?

சொ.

அன்புள்ள சொ.,

முதலில் அந்த மாத்திரை. ஒரு துணுக்குகூடக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே வளர்ந்த பூனையின் உயிரை எடுத்துவிடக்கூடும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். தரையில் ஊற்றும் ஃபினாயிலும் இதே காரணத்தால் விஷம்: ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். மனிதனுக்கு ஆகும் மருந்து மிருகத்துக்கும் ஆகும் என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஓடு, அணில், மூன்று வீட்டுச் சாப்பாடு எல்லாம் சின்ன விஷயம். பூனை ஓட்டில் ஏறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முருங்கையோ, கொல்லைச் சுவரோ. மரமென்றால் அடிமரத்தில் நாலடி உயரத்துக்குமேல் இரண்டடி அகலத் தகரம் சுற்றுங்கள். ஆவணி, புரட்டாசியிலேயே ஆள் ஏற்றி விலகிய ஓட்டைச் சரிசெய்துவிட்டால் ஐப்பசி மழைக்குப் பயப்பட வேண்டாம். அணிலுக்கு வருவோம். 2021இல் எக்ஸிடர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி மிகுந்த தானியமில்லா உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவிகிதம் குறைந்தது. தினமும் சில நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவிகிதம் குறைந்தது. கழுத்து மணி பெரிதாக உதவவில்லை. பாலும் சோறும் பூனைக்குச் சாப்பாடே அல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கும். டாரின் என்ற சத்து சோற்றில் இல்லை. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மத்தி மீனையோ கோழியையோ உப்பில்லாமல் வேகவைத்து, முள் எலும்பு நீக்கி வையுங்கள். நம் ஊர்க் கறிக்குழம்பைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை, கழுவினாலும் அந்தச் சாறு கறியை விட்டுப் போகாது. மசாலாவில் போடும் முன்பே அதன் பங்கை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பூட்டிய வீடு. முகூர்த்த மாதங்கள் வரும்போதெல்லாம் இதைப்பற்றி எழுத வேண்டும் என்று நினைப்பேன். நம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்கு. கல்யாணத்துக்கோ அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கோ திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் பூட்டுத்தான். பெட்டைப் பூனைக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. இருட்டான அறை, சாமான் அடுக்கின் மறைவு, மழை படாத பரண், நாய் நுழைய முடியாத கதவு. ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். பிறகு கதவைத் திறப்பவர் கண்ணில் ஐந்து குட்டிகள், அவர் கையில் ஒரு சாக்கு. வருடம் தவறாமல் நடப்பதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை!

அப்பத்தாவிடம் கணக்காகப் பேசுங்கள். பெட்டை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும். பகல் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் இதற்குப் பருவ ஓய்வும் பெரிதாகக் கிடையாது. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை கத்தும். அந்தக் குரலுக்குத்தான் உங்கள் கடுவன் நாலைந்து நாள் போகிறது. பூனையின் சுதந்திர குணம் என்று நாம் வியப்பதில் பாதி விதையின் வேலை.

கன்னம் வீங்குவதும் அதனால்தான். எதிரிக் கடுவனின் கோரைப்பல் ஊசிபோல் இறங்கும். மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். உள்ளே கிருமி தங்கி இரண்டு நாலு நாளில் சீழ்கட்டும். நீங்கள் பார்த்த காய்ச்சல் அது. அரை லிட்டர் கொதித்தாறிய வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, துணியில் நனைத்துப் பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் சீழை நீங்கள் பிதுக்கக் கூடாது. கீறி விடுவதும் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் கால்நடை மருத்துவர் வேலை. இதைச் செய்யாமல் மஞ்சள் தடவிவிட்டு, ‘தானே ஆறிவிடும்’ என்று இருப்பது அன்பல்ல, சோம்பல்.

ஆண் பூனைக்கு அறுவை மிகச் சிறியது. விதைப்பையில் சின்னக் கீறல். பெரும்பாலும் தையலே இருக்காது. அரசு கால்நடை மருத்துவமனையில் பூனைக்குச் செய்வார்களா, எந்த நாளில் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீர் காலைவரை வைக்கலாம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் வாந்தியெடுத்து அது மூச்சுக்குழாயில் போகும். நாலு மாதத்துக்குட்பட்ட குட்டியென்றால் மூன்று நாலு மணி நேரப் பட்டினி போதும். அதற்குமேல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இங்கேதான் உங்கள் மூன்று வீட்டுக் கணக்கு இடிக்கிறது. நீங்கள் பட்டினி போட, பக்கத்து வீட்டில் மீன் தலை வைத்துவிடுவார்கள். ஆகவே முந்தைய சாயங்காலமே பிடித்து ஓர் அறையில் அடைத்துவிடுங்கள். மூடியும் கயிறும் உள்ள கூடையில் பழைய துணி விரித்து, ஒரு வாரம் முன்பிருந்தே அதற்குள் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். அன்று துரத்திப் பிடித்தால் உங்களையும் கடிக்கும். கடித்தால், பிராண்டினால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். பூனைக்கு மூன்று மாத வயதிலிருந்து வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. வருடா வருடம் போட வேண்டும்.

திரும்பி வந்த அன்று ராத்திரி அலமாரி, பரண் எதுவும் இல்லாத அறையில் தரையிலேயே வைத்திருங்கள். மயக்கம் தெளியும் முன் ஏறி விழும். மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள். மணல் காயத்தில் ஒட்டும். ஒரு வாரம் வெளியே விடாதீர்கள். இன்னொன்று, தேங்கிய விந்தால் சில வாரம் வரைக்கும் பெட்டையைச் சினையாக்க முடியும், ‘செய்தும் பயனில்லை’ என்று பலர் ஏமாறுவது இதனால். பெரும்பாலான கடுவன்களில் சண்டையும் சிறுநீர் பீய்ச்சுவதும் தொலைதூரம் திரிவதும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறையும். ஓட்டுக்கும் ஓய்வு.

ஆனால் கடுவனை மட்டும் பிடித்தால் அரைவேலை. பக்கத்துத் தெருக் கடுவன் அந்த இடத்துக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் பெட்டைக்கும் செய்ய வேண்டும். அதற்கு வயிற்றில் தையல் உண்டு, 10 முதல் 14 நாள் அடைத்து வைக்க இடம் வேண்டும். உங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் இல்லாத அறையா? குட்டிகள் தாங்களே தின்ன ஆரம்பித்து, அவற்றுக்கு எட்டு வார வயதாகட்டும், அதுவரை தாயைப் பிரிக்காதீர்கள். வாட்ச்மேனிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்: பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சாக்கை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே கையோடு அந்த வீட்டுப் பங்காளிகளில் யாரிடம் சாவி இருக்கிறது என்று விசாரித்து, இந்த வாரமே போன் செய்யுங்கள்.